வெள்ளை அறையில் வெட்டிய கிளை

ஆல்டர்மியர் தோட்டத்துக்கு மூரியல் வந்ததே திருடத்தான். அந்த வட்டாரத்தில் பாதி வீட்டு ரோஜாக்களுக்கு இதுதான் பூர்வீகம்: பெரிய மாளிகைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள், காவலர் அசந்தால் ஒரு கிளையை நறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டுபோய் வீட்டுத் தொட்டியில் நட்டு வேர் பிடிக்கவைப்பார்கள். மூரியலின் பையிலிருந்த கத்தரியால் ஒரு காட்டையே மொட்டையடிக்கலாம்.

"அக்கா, மானம் போகுது. டீயும் கேக்கும் சாப்பிட்டுட்டுக் கிளம்பிடலாம்," என்றாள் தங்கை ஹெஸ்டர்.

"வாயை மூடிக்கிட்டு வாசலைப் பாருடி."

கூரையில்லாத அரண்மனை அது. வானத்தை இடிக்கும், யூ என்ற ஊசியிலை மரத்தின் வேலிகள் தோட்டத்தை அறை அறையாகப் பிரித்திருந்தன. கடைசியில் இருந்தது வெள்ளை அறை. வெள்ளைப் பூக்கள் மட்டும். வெயில் இறங்கியிருந்தது, மக்கிய இலைகளின் ஈர வாடை அடித்தது. மூரியல் குனிந்து ஒரு ரோஜாக் கிளையை வெட்டினாள்.

நறுக்.

வேலிக்கு அந்தப் பக்கமும்,

நறுக்.

"தோட்டக்காரனா இருக்கும்," கிசுகிசுத்தாள் மூரியல்.

"எல்லாரும் போயாச்சுக்கா. அதை அங்கேயே வச்சிடு."

நறுக். இப்போது மிக அருகில்.

இருவரும் திரும்பினார்கள். நுழைந்த வாசலைக் காணோம். அந்த இடத்தில் வேலி அடர்ந்து நின்றது. ஹெஸ்டர் இலைகளுக்குள் தோள்வரை கைவிட்டுத் துழாவினாள். இலைக்குப் பின்னும் இலை.

"கெஞ்சிக் கேக்கறேன், குடுத்துடு. இல்லேன்னா நம்மள விடாது!"

"வெட்டினதை ஒட்டவாடி முடியும்?"

மூரியல் கிளையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

பின்கழுத்தில் குளிர்ந்த இரும்பு உரசியது.

நறுக்.

இடுப்புவரை தொங்கிய அவளது நரைத்த பின்னலைக் காணோம். கண்ணெதிரே வேலி விலகி வழிவிட்டது.

இருவரும் ஓடிய ஓட்டத்துக்குப் பந்தயக் குதிரைகளே வெட்கப்பட்டிருக்கும். வெளிவாசலருகே நாற்றுத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. கடைசித் தொட்டியில், அப்போதுதான் அழுத்திய ஈர மண்ணில், மூரியலின் பின்னல் நிமிர்ந்து நின்றது.

"என் முடிடி! பிடுங்கணும்!"

"உயிரோட போகணும், வா!" ஹெஸ்டர் அவளைத் தரதரவென இழுத்துக்கொண்டு போனாள்.

திருடிய கிளை மறுநாளே கருகிவிட்டது.

ஆனால் அன்றிலிருந்து, மாலையானால் மூரியலின் உச்சந்தலையில் சில்லென்று தண்ணீர் வழிகிறது. தொட்டுப் பார்த்தால் ஈரமே இல்லை.

நேற்று, தேநீரை ஒரு வாய் குடித்தவள், முகம் வெளுத்துக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என்னக்கா?"

"மண்ணு ருசி அடிக்குது," என்றாள் மூரியல். "வேர் பிடிச்சிடுச்சுடி."