பதினாறாவது கிலோமீற்றர்

வரைபடத்தில் மூன்று புள்ளிகள்தான் இருந்திருக்க வேண்டும். நான்கு இருந்தன.

சாரங்கன் போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தான். வெள்ளவத்தையிலிருந்து மன்னாருக்கு நாலு நாள் சைக்கிள் ஓட்டம், மூன்று இரவுகள். சிலாபத்துக்கு அங்கால் ஒரு தேவாலய வளவு, நொச்சியாகமத்தில் லீவுக்குப் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடத்து விறாந்தை, செட்டிகுளத்துக்குக் கிட்ட ஒரு நெல் களஞ்சியத்தின் சீமெந்துத் தரை. மூன்றையும் அவன்தான் தேடிப் பிடித்து, ஃபாதரோடும் காவலாளிகளோடும் கதைத்து அனுமதி வாங்கி, பச்சையில் குறித்து வைத்திருந்தான். நான்காவது புள்ளி சிவப்பு. ஹெந்தளையில், கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவில். வீட்டிலிருந்து பதினாறாவது கிலோமீற்றரில்.

அந்த வரைபடத்தைத் தொடக்கூடிய மற்ற ஆள் றேமண்ட் ஒருவன்தான். பதினொரு வருடமாக இருவரும் சேர்ந்து சைக்கிள் ஓடுகிறார்கள். அந்தப் பதினொரு வருடத்தில் படுக்கிற இடத்தை றேமண்ட் ஒருமுறைகூடத் தெரிவு செய்ததில்லை. அது சாரங்கனின் வேலை. நுகேகொடையில் ஒரு கட்டடக்கலைஞரிடம் படம் வரைபவன் அவன். செய்மதிப் படத்தில் ஒரு கூரையைக் கண்டாலே அதற்குக் கீழே காற்று எந்தப் பக்கத்தால் வரும் என்று சொல்லிவிடுவான். பகலெல்லாம் வெயில் குடித்த சீமெந்து இரவு பத்து மணி வரைக்கும் சூடு விடும் என்பதும், தெருவிலிருந்து தெரியாத இடத்தில்தான் நுளம்பு வலையைக் கட்ட வேண்டும் என்பதும், உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே ஒரு வழி இருக்கிற இடத்தில் ஒருநாளும் படுக்கக்கூடாது என்பதும் அவன் பட்டுத் தெரிந்துகொண்டவை. கொட்டாஞ்சேனையில் தனிக்கட்டையாக இருந்த றேமண்டுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. "நீ காட்டுற இடத்தில நான் விழுந்து படுக்கிறன் மச்சான்" என்பான். விழுந்த மறு நிமிடம் குறட்டை கேட்கும்.

சாரங்கன் அவனுக்குப் போன் எடுத்தான்.

"ஹெந்தளையில என்னத்துக்கடா படுக்கிறது? அங்கயிருந்து உன்ர வீட்டுக்கு அரை மணித்தியாலம்."

"வெள்ளி வேலை முடிஞ்ச உடன வெளிக்கிட்டா இரவே கொழும்பைக் கடந்திடலாம். விடிய நாலு மணிக்கு மிதிச்சா ட்ரஃபிக் இல்லை." எழுதி வைத்து வாசிப்பதுபோல் இருந்தது. "ஜூன்ல நான் அங்க படுத்தனான். சிலாபத்தால தனிய வரேக்க, நல்ல மழை. பழைய படகுக் கொட்டில் ஒண்டு. நல்ல இடம்."

"நீ சொல்லவே இல்லையே."

"இந்த ஒருக்கா எனக்காக, சாரங்கா."

எனக்காக என்று றேமண்ட் ஒருநாளும் எதையும் கேட்டவனில்லை. ஜூனுக்குப் பிறகு அவன் நன்றாக மெலிந்து, கண்ணுக்குக் கீழே கறுத்து, நாற்பது வயதிலேயே கிழடு தட்டிப் போயிருந்தான். சீனி வருத்தமாக இருக்கும் என்று சாரங்கன் தனக்குள் நினைத்துக்கொண்டான். கேட்கப் போனால் சிரித்து மழுப்புவான். சரி என்று சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை மாலை அவன் சைக்கிளை லிஃப்டுக்குள் நிமிர்த்தி ஏற்றும்போது எட்டு வயது மகள் மிதுனா கதவடியில் நின்றாள். மெரின் டிரைவில் அவளுக்குச் சைக்கிள் பழக்கியவன் றேமண்ட். சீற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்குப் பின்னால் ஓடியவன். "றேமண்ட் மாமாவை வரேக்க கூட்டிக்கொண்டு வாங்கோ அப்பா" என்றாள். மனைவி மயூரி உள்ளேயிருந்து, "மழை வந்தா போன் பண்ணுங்கோ" என்றாள்.

கொட்டாஞ்சேனைச் சந்தியில் றேமண்ட் சேர்ந்துகொண்டான். களனிப் பாலத்தைக் கடந்து, வத்தளையின் நெரிசலுக்குள்ளால் நெளிந்து, ஹெந்தளைக்குப் போய்ச் சேர எட்டு மணியாகிவிட்டது. வழியெல்லாம் கதை இல்லை. கால்வாயோரம் ஒரு சின்னக் கடையில் தண்ணீர் வாங்க நின்றார்கள். கல்லாவில் இருந்த சிங்களப் பெண் றேமண்டைக் கண்டதும், "அதத் ஆவத, மஹத்தயா?" என்றாள். இன்றைக்கும் வந்துவிட்டீர்களா என்று.

சாரங்கன் திரும்பிப் பார்த்தான். "இன்றைக்கும்" என்றால்?

"ஆரோ எண்டு நினைக்கிறா" என்றான் றேமண்ட். அந்தப் பெண் சாரங்கனிடம் போத்தலை நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

கொட்டில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. மூன்று பக்கமும் சுவர், முன்பக்கம் மட்டும் திறப்பு. ஒரே வழி. தகரக் கூரையில் உப்புக் காற்று துருவை நொறுக்கி நொறுக்கி உதிர்க்கும் சத்தமும், சுவருக்கு அப்பால் அலை வந்து மணலை இழுத்துக்கொண்டு போகும் நீண்ட இரைச்சலும், மூலையில் எப்போதோ கொட்டிக் காய்ந்துபோன தாரின் வாடையும், அதற்கும் அடியில் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாத, பல நாள் உலராத துணியின் புளித்த நாற்றமும் சேர்ந்து, அந்த இடத்துக்குள் ஏற்கெனவே யாரோ குடியிருக்கிறார்கள் என்ற நினைப்பைத் தந்தன.

"இதுக்குள்ள நான் படுக்க மாட்டன்" என்று சொல்ல வாயெடுத்தான் சாரங்கன். அதற்குள் றேமண்ட் பாயை விரித்துவிட்டான். சாரங்கனுக்கு உள்பக்கம், சுவரோரம். தனக்கு வாசல் பக்கம். நடுவில் ஒரு ஆள் படுக்கக்கூடிய இடைவெளி.

"ஏன்டா இவ்வளவு தள்ளி?"

"காத்து வரட்டும்."

சப்பாத்தைக் கழற்றாமலே அவன் படுத்தான். அவனுடைய சைக்கிள் மட்டும் தெருவைப் பார்த்தபடி நின்றது. ரோச் லைற்றை அணைத்த பிறகும் அவன் இருட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தான். "நித்திரையோ?" கொஞ்சம் கழித்து, "சாரங்கா, நித்திரையோ?" இல்லையடா, இல்லையடா என்று சொல்லிக்கொண்டே சாரங்கன் எந்த இடத்தில் தூங்கிப் போனானோ, அவனுக்கே தெரியாது.

குளிரில்தான் விழிப்பு வந்தது. சுவரைப் பார்த்தபடி ஒருக்களித்துக் கிடந்தான். முதுகோடு ஒரு முதுகு ஒட்டிக்கொண்டிருந்தது. கடற்காற்றுக்கு இவன் கிட்ட வந்துவிட்டான் என்று அரைத் தூக்கத்தில் நினைத்தான். றேமண்டின் சேட் ஏன் இவ்வளவு ஈரம்? மழை பெய்ததா? ஈரம் தன் பனியனுக்குள்ளும் ஊறி இறங்குவது தெரிந்தது. அந்த முதுகு மெதுவாக, மிக மெதுவாக மூச்சு விட்டது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் அலை மூன்று தரம் வந்து போனது.

"தள்ளிப் படுடா" என்றான்.

அது தள்ளிப் படுத்தது.

அப்போது வாசல் பக்கத்தில் யாரோ விம்மினார்கள்.

சாரங்கன் தலையை மட்டும் தூக்கினான். வாசலில், வெளியே இருந்த மங்கல் வெளிச்சத்தில், ஒரு ஆள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். தலையில் ஹெல்மெட். றேமண்ட்.

றேமண்ட் அங்கே.

முதுகில் ஈரம் இங்கே.

"றேமண்ட்..."

"திரும்பிப் பாக்காத" என்றான் றேமண்ட். குரல் உடைந்திருந்தது. "மச்சான், திரும்பிப் பாக்காத."

"இது ஆர்?"

"தெரியாது. ஜூன்ல இதில வந்து என்னோட படுத்தது. பிறகு வீட்டையும் வந்திட்டுது. கண்ணை மூடினா வரும். முதுகோட முதுகு வைச்சுப் படுக்கும். காதுக்குள்ள கேக்கும், வேற ஆர் இருக்கினம், வேற ஆர் இருக்கினம் எண்டு. மூண்டு மாசம், சாரங்கா. எத்தினை நாள் இங்க கொண்டுவந்து விட்டுட்டு ஓடிப் பாத்தனான். போகேல்லை."

"அதுக்கு?"

"உன்ர பேரைச் சொன்னனான்."

அலை வந்தது. போனது.

"எனக்கு வேற ஆரடா இருக்கினம்?" என்று கேட்டுவிட்டு, சைக்கிளில் ஏறி, மணலில் சில்லு சறுக்க அவன் போய்விட்டான்.

சாரங்கன் எழுந்தான். பாயைப் பார்க்கவில்லை. வெறுங்காலோடு, சுவரைத் தடவி, சைக்கிளைப் பிடித்தான். தள்ளினான். கனத்தது. முன் சில்லில் காற்றில்லை. பின் சில்லிலும் இல்லை. கைகளால் தடவினான். வால்வுகள் இரண்டும் இல்லை. பம்பைத் தேடினான். பம்பும் இல்லை.

ஒரு முறை மாகோ ஊரில் அவன் காய்ச்சலில் விழுந்தபோது விடிய விடிய நெற்றியில் ஈரத்துணி மாற்றியவன் றேமண்ட். அந்தக் கைதான் அவன் தூங்கும்வரை பார்த்திருந்து, பக்கத்தில் குந்தி, சத்தம் வராமல் வால்வைக் கழற்றியிருக்கிறது. பயத்துக்கு நடுவிலும் அந்த நினைப்பு அவனை நெஞ்சில் குத்தியது. பயத்தில் ஓடிப்போனவன் என்றால் மன்னிக்கலாம். இவன் திட்டம் போட்டிருக்கிறான். எந்த நாள், எந்த இடம், எந்தப் பக்கம் படுப்பது, எப்படி ஓடவிடாமல் செய்வது எல்லாவற்றையும். பதினொரு வருடம் சாரங்கனிடம் பார்த்துப் பழகிய திட்டம்.

காற்றில்லாத சில்லுகளை உருட்டிக்கொண்டு கால்வாயோரம் நடந்தான். பின்னால் யாரும் வரவில்லை. நாலு தரம் திரும்பிப் பார்த்தான், வெறும் தெரு. வத்தளையில் வானம் வெளுத்தபோது சைக்கிளை ஒரு பேக்கரி வாசலில் கட்டிவிட்டு ஆட்டோ பிடித்தான். ஈரமாக இருந்த பனியன் உடம்பிலேயே காய்ந்து விறைத்திருந்தது.

"ரயர் பழுதாப் போச்சு, றேமண்டுக்கும் சுகமில்லை" என்று மயூரியிடம் சொன்னான். குளித்தான். தேத்தண்ணீர் குடித்தான். படுக்கவில்லை. தூங்கினால்தான் வரும். தூங்காமல் இருந்தால் போதும். சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்திருந்து, கடற்கரை ரயில்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். காலை போனது. மயூரி மதியம் சமைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போனாள். டான்ஸ் வகுப்பால் வந்த மிதுனா சாப்பிட்டுவிட்டுத் தன் அறைக்குள் போனாள். வெயில் ஹோல் முழுக்கக் கொட்டியது. இந்த வெளிச்சத்தில் இருந்துகொண்டு பார்க்க, கொட்டில் எங்கேயோ தூரத்தில் நடந்த கதைபோல் இருந்தது. பயம் குறையக் குறையக் கோபம் ஏறியது. போனை எடுத்தான்.

நெடுநேரம் அடித்த பிறகு றேமண்ட் எடுத்தான். தூக்கம் ஊறிய குரல்.

"இப்பதான் எழும்பினனான்" என்றான். பிறகு, குற்றவாளிபோல, "பத்து மணித்தியாலம்."

"சந்தோசமோ?"

சாரங்கன் கதிரையிலிருந்து எழுந்தான்.

"கேள். அது என்னோட வரேல்லை. நான் விடியும் மட்டும் பாத்தனான். இப்ப வரைக்கும் ஒண்டும் இல்லை. உனக்கு விளங்குதோ? நீ செய்த வேலை சரிவரேல்லை."

"நீ நித்திரை கொண்டனியோ?"

"இல்லை. கொள்ளவும் மாட்டன்."

"அப்ப வீட்டில ஆர் நித்திரை?"

சாரங்கன் அந்தக் கேள்வியை விளங்கிக்கொள்ளாதவன்போலச் சுவரைப் பார்த்தான்.

"றேமண்ட், என்ர பேரை மட்டும்தானே சொன்னனி?"

"அது திரும்பத் திரும்பக் கேட்டுது மச்சான்" என்று அவன் அழத் தொடங்கினான். "ஒரு பேர் போதாதெண்டு..."

போன் கையிலிருந்து நழுவியது.

அறைக்கதவு சாத்தியிருந்தது. பன்னிரண்டு அடி. கைப்பிடி குளிர்ந்திருந்தது. உள்ளேயிருந்து உலராத துணியின் நாற்றம்.

திறந்தான்.

யன்னலால் மூன்று மணி வெயில் நேராகக் கட்டிலில் விழுந்தது. எதுவும் மறைவில்லை. மிதுனா கண்மூடி, சுவரோடு ஒட்டி, முடிந்தளவுக்குத் தன்னை ஒடுக்கிக்கொண்டு, மற்றவருக்கு இடம் விட்டுக் கிடந்தாள். அவளுக்குப் பின்னால் பூப்போட்ட போர்வை கட்டிலின் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும், அதற்கும் அப்பால் தரை வரைக்கும், நீளமாக மேடிட்டிருந்தது. அதன் ஓரத்தால் தண்ணீர் சொட்டியது. மேடு எழுந்தது. நின்றது. தாழ்ந்தது.

மிதுனாவின் உதடுகள் அசைந்தன. ஏதோ கேட்கப்பட்டு, அதற்கு விடை சொல்லும் கெட்டிக்காரப் பிள்ளையின் தெளிவான குரலில், தன் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை, வரவு இடாப்பில் இருக்கிற ஒழுங்கிலேயே, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.