இருபத்தேழாம் இருக்கை

மீ தோ ஊரில், படகுத்துறைக்குப் பின்தெருவில் உள்ள துயெத் அக்காவின் நெட் கடைக்குள் நான் நுழைந்தபோது மதியம் ஒன்றரை. பேய் வருவதற்கான நேரமில்லைதான். ஆனால் அந்தக் கடைக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே எப்போதும் ஒரே இருட்டு. ஈரச் செருப்பு, சிகரெட், நூடுல்ஸ் மசாலா மூன்றும் கலந்த வாடை.

மொத்தம் நாற்பது கம்ப்யூட்டர்கள். எதிலும் ஹார்ட் டிஸ்க் இல்லை. மூலையிலிருக்கும் ஒரே சர்வரிலிருந்துதான் நாற்பதும் உயிர் பெறும். அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும். கல்லூரியில் நான் பரீட்சைக்குப் படிப்பதும் இதே முறையில்தான்.

தினமும் இரண்டு மணி ஆனால் நெட்வொர்க் தவழ ஆரம்பித்துவிடும். எனக்கு முன் வந்த நான்கு பேர் கேபிளை மாற்றினார்கள், கேபிள்களெல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியை மாற்றினார்கள், பிறகு அக்காவின் போனை எடுப்பதை நிறுத்தினார்கள்.

"இன்னிக்கும் சரியாகலேன்னா சனிக்கிழமையோட மூடிடுவேன் தம்பி," என்றார் அக்கா. "இதை விட்டா எனக்கு வேற எதுவும் இல்ல."

பன்னிரண்டாம் இருக்கையிலிருந்து என் வகுப்புத் தோழன் ஹுய் திரும்பிப் பார்த்தான். "நீயாடா அஞ்சாவது ஆளு, தியென்? போன ஆளு சர்வருக்கு ஊதுபத்தி ஏத்திட்டுப் போனாரு. அன்னிக்குக் கொஞ்சம் வேகமாத்தான் இருந்துச்சு."

மழைக்கு ஒதுங்கிய கூட்டம். முப்பத்தொன்பது இருக்கைகள் நிறைந்திருந்தன. இருபத்தேழு மட்டும் காலி. அதன் கீபோர்டுக்கு முன்னால் ஆவி பறக்க ஒரு கிண்ணம் நூடுல்ஸ், மேலே ஒரு முட்டை, பக்கத்தில் ஐஸ் காபி. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. இறந்தவர்களுக்கு உணவு வைக்காத வீடு எங்கள் ஊரில் ஏது?

மணி இரண்டு.

என் லேப்டாப்பை ஸ்விட்சில் சொருகி, நெட்வொர்க்கில் ஓடும் தரவுப் போக்குவரத்தைப் பார்த்தேன். சர்வர் அனுப்புவதெல்லாம் ஒரே மெஷினுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இருபத்தேழு.

அது அணைந்திருந்தது. பவர் வயரைக் கழற்றினேன். நெட்வொர்க் கேபிளையும் பிடுங்கினேன்.

ஸ்விட்சில் இருபத்தேழாம் விளக்கு சிமிட்டுவதை நிறுத்தவில்லை.

எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் எங்கள் துறையில் ஒரு பதில் வைத்திருக்கிறோம்.

"டிரைவர் பழசாயிடுச்சுக்கா," என்றேன்.

புது டிரைவர் மென்பொருளை ஒரு மெஷினில் ஏற்றி, அதைச் சர்வரில் சேமித்தால் போதும். அந்த மெஷின் எப்படி இருக்கிறதோ, மற்றதெல்லாம் அப்படியே ஆகிவிடும். காலியாக இருந்தது ஒன்றுதான். வயர்களைத் திரும்ப மாட்டினேன்.

அக்கா என் கையைப் பிடித்தார். "அதுல வேணாம் தம்பி," என்று கிசுகிசுத்தார். "அது குவாங் உக்காந்த இடம். என் கூடப் பிறந்த தம்பி. மூணு நாள் எழுந்திருக்காம கேம் ஆடினான். கூப்பிடும்போதெல்லாம் 'இன்னும் பத்து நிமிஷம்க்கா'ன்னான். கடைசியா கூப்பிட்டப்போ பதிலே வரல."

"டிஸ்க்கே இல்லாத மெஷின்ல என்னக்கா தங்கும்?"

அவர் நிறைந்திருந்த கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு கையை விட்டார்.

நாற்காலி சூடாக இருந்தது.

கிண்ணத்தைத் தள்ளி வைக்கும்போது பார்த்தேன். முட்டையில் வெள்ளைக்கரு மட்டும் இருந்தது. நடுவில் வட்டமாக ஒரு குழி.

டிரைவரை ஏற்றினேன். சேமித்தேன். நாற்பதையும் அணைத்துப் போட்டேன்.

எட்டே விநாடியில் எல்லாம் எழுந்தன.

"டேய், நீ மனுஷனே இல்லடா," என்றான் ஹுய். அக்கா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

பிறகு ஹுய் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். அவன் பக்கத்தில் இருந்தவனும் எடுத்தான். வரிசையாக எல்லோரும் எடுத்தார்கள்.

விசைகள் தாமாகவே அமுங்கிக்கொண்டிருந்தன.

நாற்பது திரையிலும் ஒரே பெயர். குவாங்.

காதில் மாட்டியவை, கொக்கியில் தொங்கியவை என்று எல்லா ஹெட்போன்களிலிருந்தும் ஒரே குரல், மெதுவாக.

"இன்னும் பத்து நிமிஷம்க்கா."

கூட்டம் மழைக்குள் ஓடியது.

பழைய நகலைத் திரும்பப் போட்டேன். சர்வரை முழுக்க அழித்து, முதலிலிருந்து கட்டினேன். ஒவ்வொரு முறையும் எட்டு விநாடிதான். நெட்வொர்க்கில் குறையே இல்லை. முன்பு ஓர் இருக்கையில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் இழுத்தான். இப்போது எல்லாவற்றிலும் இருக்கிறான்.

சனிக்கிழமை அக்கா கடையை மூடவில்லை. தம்பியை எப்படி அணைப்பது? ஒரு வாடிக்கையாளரும் வருவதில்லை. தினமும் இரண்டு மணிக்கு நாற்பது கிண்ணம் நூடுல்ஸ் வைக்கிறார். வெந்நீர் ஊற்ற நான் போகிறேன். அதையாவது சரியாகச் செய்ய வேண்டுமே. கடைசிக் கிண்ணத்தை வைப்பதற்குள் முதல் கிண்ணத்தில் மஞ்சள் கரு இருக்காது.

அன்றைக்கு அதே ஸ்விட்சில் சொருகிய லேப்டாப்பை நான் அதன் பிறகு திறக்கவில்லை. பையோடு என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

நேற்று என் அறையில் ஒரு பாக்கெட் நூடுல்ஸ் செய்து, முட்டையை உடைத்துப் போட்டேன். சாப்பிடும் குச்சியை எடுக்கத் திரும்பினேன்.

வெள்ளைக்கரு மட்டும் இருந்தது.