மருந்தில்லாத வீடு

அன்று காலையில் மிளகு ஒரு புதுச் சத்தம் போட்டது.

மிளகு, தையலக்கா வளர்த்த சாம்பல் நிறக் கிளி. கிளிப்பிள்ளை சொன்னதைத்தான் சொல்லும் என்பார்கள். மிளகு சொல்லாததையும் சொல்லும். தையல் மெஷின் ஓடுவது, குழாய் சொட்டுவது, கீழ்வீட்டில் இருக்கும் குடியிருப்புச் சங்கச் செயலாளரம்மா செருப்பை இழுத்து இழுத்து நடப்பது எல்லாம் அதன் தொண்டைக்குள் குடியிருந்தன. இது அதில் எதுவும் இல்லை. காய்ந்த சருகை ஒரு பையில் போட்டு யாரோ மெல்லக் கசக்குவது போல. கொஞ்சம் நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டுவிட்டு, மறுபடி கசக்குவது போல. தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் சுவரையே பார்த்தபடி, மிளகு அதைத் திரும்பத் திரும்பச் செய்தது.

"இதை எங்கடா கத்துக்கிட்ட?" என்றாள் தையலக்கா.

"சாப்டாச்சா?" என்றது மிளகு.

"இன்னும் இல்ல."

"வா, வா."

அது அவர்களுக்குள் நடக்கிற பேச்சு. அவள் வீட்டுக்காரர் இருந்த காலத்தில், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்படித்தான் கேட்பார். அவள் இல்லை என்பாள், அவர் வா வா என்று தட்டை எடுப்பார். மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். குரல் மட்டும் கிளியிடம் தங்கிவிட்டது. அவர் பேசிய ஒரு வார்த்தைகூட வேறெங்கும் பதிவாகி இருக்கவில்லை. அந்தச் சின்னத் தொண்டை அடங்கினால் அவருக்கு இரண்டாம் சாவு. அதனால்தான் அவள் மிளகைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தாள்.

மிளகு வருவதற்கு முன் ஒரு ஜோடிக் குருவிகள் இருந்தன. நாத்தனார் வந்திருந்தபோது, அடுப்படியில் ஒரே ஒரு கரப்பானைப் பார்த்துவிட்டு டப்பா மருந்தை எடுத்துப் புஸ்ஸென்று அடித்தாள். கூண்டு இருந்ததோ கூடத்தில். கரப்பான் மல்லாந்து கால் உதைத்துக்கொண்டிருக்கும்போதே குருவிகள் இரண்டும் கூண்டின் அடியில் கிடந்தன. "மனுஷனுக்குத் தும்மல் வர்ற வாசனை, பறவைக்கு எமன். அதுங்க நுரையீரல் அப்படிம்மா" என்றார் பறவை டாக்டர். அன்றோடு அந்த வீட்டில் கொசுவத்தி இல்லை, ஊதுவத்தி இல்லை, அலமாரியில் ஒரு அந்துருண்டைகூட இல்லை.

மருந்தில்லை என்பதால் பூச்சி மலிந்த வீடு என்று நினைத்துவிடாதீர்கள். கூண்டின் அடியில் சிந்திய தானியத்தை வேளைக்கு வேளை பெருக்குவாள். படுக்கப் போகுமுன் பாத்திரம் கழுவும் தொட்டியைத் துணியால் ஒற்றி ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் காயவைப்பாள். போரிக் பவுடரைச் சர்க்கரையோடு பிசைந்து, கரப்பான் மட்டும் நுழையும் ஓட்டையுள்ள மூடிய டப்பாவில், கிளி எட்டாத அடுப்பின் பின்புறம் வைப்பாள். பசை அட்டையைக்கூடத் திறந்து வைக்கமாட்டாள், மிளகின் கால் ஒட்டிக்கொள்ளும் என்று. சுவரில் விரிசலைக் கண்டால் துணியில் கிழிசலைக் கண்டது போலத் துடித்துப்போய், அந்தக் கணமே பூச்சு குழைத்து அடைத்துவிடுவாள்.

"உன் கிளிக்காக மொத்தக் கட்டடத்தையும் கரப்பானுக்கு வாடகைக்கு விடணுமாக்கும்?" என்று போன வாரம் செயலாளரம்மா இடுப்பில் கைவைத்துக் கேட்டாள். "எல்லா வீட்டுக்கும் புகைமருந்து அடிக்கறோம். யாரும் கட்டடத்துல இருக்கக் கூடாது."

"அடிங்கக்கா. என் வீட்டுக்கு மட்டும் வேண்டாம். கதவை நாடா போட்டு ஒட்டிருங்க, நான் தம்பி வீட்டுக்குப் போயிடறேன்."

"பூச்சிக்குப் புத்தி இருந்தா அத்தனையும் உன் வீட்டுக்குத்தான் குடி வரும், பாரு" என்று செயலாளரம்மா சிரித்தாள். தையலக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

மருந்து அடிக்கும் நாள் அன்றுதான். தம்பி வண்டி கொண்டு வருவதாகப் பேச்சு. மழை பிடித்துக்கொண்டது, வண்டி எங்கோ நெரிசலில் நின்றது. மருந்துக்காரர்களோ சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். அவள் கூண்டைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கியபோது, கீழிருந்து மண்ணெண்ணெயும் கசப்பும் கலந்த ஒரு வாடை மெல்ல ஏறி வந்தது. மிளகு ஒரு தும்மல் தும்மியது. ஒன்றே ஒன்று. அவ்வளவுதான், அவள் திரும்பி ஓடிக் கதவைச் சாத்திவிட்டாள். துணிப் பெட்டி ஒட்டும் அகல நாடாவை எடுத்துக் கதவு இடுக்கு, ஜன்னல் ஓரம், சாக்கடை வாய், சுவிட்ச் பலகை என்று ஒட்டித் தள்ளினாள். அவள் அடைத்த வீட்டுக்குள் எறும்பு நுழையாது. புகை எப்படி நுழையும்?

கதவு தட்டப்பட்டது. "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

இருக்கிறேன் என்றால் வெளியே வரச் சொல்வார்கள். வெளியே படி, படியெல்லாம் புகை. கூண்டின் மேல் கருப்புத் துணியைப் போர்த்தினாள். இருட்டினால் மிளகு வாய் திறக்காது. அவளும் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"காலி. ஒட்டிரு" என்றார் மருந்துக்காரர். வெளிப்பக்கம் நாடா கிழிகிற சத்தம் கதவைச் சுற்றி மேலே போய், குறுக்கே போய், கீழே வந்தது. தப்பித்தோம் என்றுதான் நினைத்தாள் அந்த மகராசி.

முதலில் வெளிச்சம் போனது. கீழ் வீட்டு ஜன்னல்களிலிருந்து கசிந்த புகை, மழைக் காற்று அமுக்க, சுவரோடு சுவராக ஏறி அவள் கண்ணாடிகளைப் பால் ஊற்றியது போல மூடியது. பட்டப்பகலில் வீடு அந்தி போல மங்கியது. பிறகு மின்விசிறி நின்றது. கட்டடத்து மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். விசிறிச் சத்தம் அடங்கிய பிறகுதான், அதன் அடியில் அதுவரை இருந்த இன்னொரு சத்தம் அவள் காதில் விழுந்தது.

காய்ந்த சருகு. பை. மெல்லக் கசக்குவது.

"மிளகு, சும்மா இரு" என்றாள். துணியை விலக்கிப் பார்த்தாள். அலகு மூடியிருந்தது. சிறகெல்லாம் உடம்போடு ஒட்டி, மிளகு பாதியாக மெலிந்து நின்றது. பயந்த பறவை அப்படித்தான் நிற்கும்.

சத்தம் அடுப்படிச் சுவருக்குள் இருந்தது. கீழே இருந்து மேலே வந்துகொண்டிருந்தது. அப்புறம் கூடத்துச் சுவர். அப்புறம் குளியலறை. எண்ணெய்ப் பிசுக்கேறிய பழைய அலமாரியைத் திறந்தால் வருமே, இனிப்பும் அழுகலுமான ஒரு நெடி, அது பூச்சையும் தாண்டி வீட்டுக்குள் ஊறியது. எல்லா வீட்டிலும் புகை. பக்கத்து வீடு, கீழ் வீடு, மேல் வீடு, எல்லாவற்றிலும். இந்தக் கட்டடத்தில் மூச்சுவிட மிச்சமிருந்தது ஒரே ஒரு வீடு.

தம்பியை அழைத்தாள்.

"அக்கா, நீ உள்ளயா இருக்க? உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? கதவை உடைச்சுட்டு இறங்கி ஓடி வா!"

"மிளகு செத்துரும்டா."

"கிளி போனா இன்னொரு கிளி! நீ போனா எனக்கு யாருக்கா இருக்காங்க?"

"உங்க மாமா குரல் இன்னொரு கிளிகிட்ட இருக்காதுடா." கூண்டை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "சீக்கிரம் வந்து அவங்களை நிறுத்தச் சொல்லு. சுவருக்குள்ள என்னமோ..."

பேச்சை நிறுத்தினாள். அடுப்படியில் தையல் மெஷின் ஓடியது.

மெஷின் இருந்தது அவளுக்கு எதிரே, உள் அறையில். உறை போட்டபடி, அசையாமல். ஆனால் அடுப்படியில் அது ஓடியது. கடகடவென்று ஒரு நீளத் தையல், ஒரு நிறுத்தம், திரும்ப ஒரு தையல். முனையில் நூலை அறுக்குமுன் அவள் காலால் கொடுக்கும் அந்தச் சின்ன உதைகூட, அப்படியே.

மிளகுதான், மிளகுதான் என்று சொல்லிக்கொண்டாள். கூண்டு அவள் மடியில் இருந்தது.

போன் கையிலிருந்து நழுவிக் கூடத்துத் தரையில் உருண்டது. அதை எடுக்கக் குனிந்தவள் எடுக்கவில்லை. சுவிட்ச் பலகை மேல் ஒட்டிய நாடா உப்பியிருந்தது. உள்ளிருந்து யாரோ விரல் நுனியால் தட்டித் தட்டிப் பார்ப்பது போல, சின்னச் சின்னப் புடைப்புகள். இங்கே. அங்கே. பிறகு எல்லா இடத்திலும்.

கூண்டோடு உள் அறைக்குள் ஓடினாள். கதவைச் சாத்தினாள். நாடா. மேலே ஒட்டினாள். பக்கம் ஒட்டினாள். கீழே பாதிக்கு வந்தபோது உருளை தீர்ந்தது. வெறும் அட்டை வளையம். தைத்து வைத்திருந்த துணியையெல்லாம் இழுத்து இடுக்கில் திணித்தாள். யாரோ ஒரு பெண்ணின் ரவிக்கை. ஒரு பாவாடை. திணித்த துணி லேசாக அசைந்தது.

கூடத்தில் போன் அடித்தது. தம்பி. அடித்து அடித்து ஓய்ந்தது.

ஓய்ந்த பிறகு, அதே மணி சுவருக்குள் அடித்தது.

அவள் மூலையில் உட்கார்ந்தாள். கூண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வெளியே போனால் புகை. உள்ளே இருந்தால் இது. அவள் அடைத்த விரிசல், அவள் பூசிய பூச்சு, அவள் ஒட்டிய நாடா. தன் கையால் தைத்த பைக்குள் தானே உட்கார்ந்திருந்தாள்.

சட்டென்று எல்லாம் அடங்கியது.

நான்கு சுவரும். கூரையும். காது கொடுத்துக் கேட்பது போல.

அந்த அமைதியில், கருப்புத் துணிக்குள்ளிருந்து, செருப்பைக் கழற்றியபடி கேட்பாரே அந்தக் குரலில், மிளகு கேட்டது.

"சாப்டாச்சா?"

தையலக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பதில் சுவருக்குள்ளிருந்து வந்தது. காய்ந்த இறக்கைகள் ஒன்றோடொன்று உரசி, உரசி, கூட்டிச் சேர்த்த ஒரு குரல். அவளுடைய குரல்.

"இன்னும் இல்ல."

கதவோரத்து நாடா, தெரிந்த கை ஒன்று தையலைப் பிரிப்பது போல, அவசரமே இல்லாமல், நுனியிலிருந்து எழத் தொடங்கியது.

"வா, வா" என்றது மிளகு.