யாரும் சொல்லாத தராசு

"பள்ளிக்கூட அதிபர் ஆதாரம் கேட்கிறார், பாயிஸ் நாநா" என்றார் ஜஹானா டீச்சர். "ஆதாரம் இல்லாம அந்தப் புள்ளயை விலக்க ஏலாதாம்."

பாயிஸ் கண்டி நீதிமன்றத்தில் இருபத்தெட்டு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகு, தெரிந்தவர்கள் தீராத சிக்கல்களை அவருடைய கட்டுகஸ்தோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவருடைய மனைவி மஸீனா கதிரையை இழுத்துப் போட்டு, கொப்பியும் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்தார்.

"எந்தப் புள்ள?" என்றார் மஸீனா.

"சிந்துஜா. என்னுடைய விவாத அணித் தலைவி. புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்துப் புள்ள."

ஜஹானா சொன்னார். மாகாண இறுதிப் போட்டி. தலைப்பு: 'பரீட்சையே திறமையின் அளவுகோல்'. அவருடைய அணி எதிர்த்துப் பேசியது. அணியின் நால்வரும் அவரும் பூட்டிய அறைக்குள் பேசிய ஓர் உதாரணத்தை எதிரணி மேடையில் எடுத்து உடைத்தது. கோப்பை போனது. போட்டி சனிக்கிழமை. அதற்கு முந்திய வியாழக்கிழமை, குட்ஷெட் பஸ் நிலையத்தில் சிந்துஜா எதிரணிப் பயிற்றுநர் அஷ்பாக்கோடு பேசிக்கொண்டு நின்றதை ஜஹானா தன் கண்ணால் கண்டிருந்தார்.

"அந்தப் புள்ளக்கிட்ட கேட்டீங்களா?" என்றார் பாயிஸ்.

"அணிக்கு முன்னால நிறுத்திக் கேட்டன். டீச்சருக்கு சுகமா எண்டு விசாரிச்சாராம். அவன் என்னோட பேசி நாலு வருஷம். காட்டிக்கொடுத்தவள் எண்டு சொன்னன். ஒன்பது நாளாப் பள்ளிக்கூடம் வரல."

"எனக்கு அஷ்பாக் மேலதான் சந்தேகம்" என்று சொல்லிக்கொண்டே மஸீனா எழுதினார். "மழையிலயும் கறுப்புக் கண்ணாடி போடுற ஆள்."

"அதையும் எழுதிக்கங்க. கோர்ட்டில காட்டலாம்" என்றார் பாயிஸ். "போட்டியை யாராவது பதிவு செஞ்சாங்களா?"

ஒரு பெற்றோர் கைபேசியில் பதிந்திருந்தார். நாற்பத்தெட்டு நிமிடம். பாயிஸ் கண்ணை மூடி இரண்டு முறை கேட்டார். மஸீனா தேநீர் கொண்டுவந்து வைத்தார். ஆறியது.

எதிரணியில் மூன்றாவதாகப் பேசிய மாணவன் முழங்கினான்: "எதிரணியினர் தராசைக் காட்டினார்கள். தராசு மூட்டையை நிறுக்கும், தேயிலையின் ருசியை நிறுக்காது என்றார்கள். ருசி பார்ப்பவரும் புள்ளி போட்டுத்தானே தேயிலை ஏலத்துக்குப் போகிறது?" கைதட்டல்.

"இதுதான் அந்த உதாரணமா?"

"ஓ. இதேதான்."

"உங்க புள்ளைகள் நாலு பேரும் பேசினதைக் கேட்டன். ஒருத்தரும் தராசு எண்டு சொல்லலையே."

"சொல்லல. செவ்வாய்க்கிழமை நான் அதை வாயால சொல்லிக் குடுத்தன். அப்பவே விட்டுட்டோம்."

"யார் விடச் சொன்னது?"

ஜஹானா தயங்கினார். "சிந்துஜா. எங்க தோட்டத்துல கொழுந்து நிறுக்கிற தராசே சரியில்ல டீச்சர், அம்மாவுக்கு தினமும் ரெண்டு கிலோ கழிச்சிருவாங்க, இதைச் சொன்னா நம்மளையே திருப்பி அடிப்பாங்கன்னு சொன்னா."

"எங்கயாவது எழுதினீங்களா?"

"இல்ல."

"செவ்வாயில விட்டாச்சு. வியாழனிலதான் அந்தப் புள்ள அஷ்பாக்கைச் சந்திச்சது. காட்டிக்கொடுக்கிறவள் சொல்லப்போறதைக் குடுப்பாள். சொல்லாம விட்டதைக் குடுத்து என்ன பிரயோசனம்?"

மஸீனாவின் பேனா நின்றது. "அப்ப மற்ற மூணு பேர்ல ஒருத்தர்?"

"அவங்களும் அந்த அறையிலதான் இருந்தாங்க. அது கைவிடப்பட்டது எல்லாருக்கும் தெரியும். இன்னொண்டும் கேளுங்க."

பதிவைப் பின்னுக்கு இழுத்தார். சிந்துஜா புதிய வாதம் ஒன்றை வைத்து உட்கார்ந்தாள். பதில் சொல்ல எழுந்த எதிரணித் தலைவன் பதினொரு விநாடி பேசவில்லை. காகிதம் புரளும் சத்தம் மட்டும்.

"உங்க உண்மையான வாதம் அவங்களுக்குத் தெரியாது. தராசு மட்டும் தெரியும். அதுக்கு மறுப்பை மனப்பாடம் பண்ணி வந்த பொடியன், யாரும் சொல்லாததையே சொன்னதா நினைச்சு ஒப்புவிச்சிட்டான். நடுவர்களும் கவனிக்கல. ஆக, தராசு வரும் எண்டு எதிர்பார்த்த ஆள் அறைக்கு வெளியில இருந்தவர். ஜஹானா, இந்த உதாரணத்தை முதல்ல எப்ப சொல்லிக் குடுத்தீங்க?"

ஜஹானா எண்ணிப் பார்த்துச் சொன்னார். பதினொரு வருடத்துக்கு முன்பு. அவருடைய முதலாவது அணி. பரீட்சை பற்றிய தலைப்பு எப்போது வந்தாலும் அதையே சொல்லிக்கொடுத்திருந்தார்.

"அந்த முதல் அணிக்குத் தலைவர் யார்?"

"அஷ்பாக்."

பாயிஸ் அவனுடைய கைபேசி எண்ணைக் கேட்டு வாங்கி, ஒலிபெருக்கியில் போட்டு அழைத்தார். விஷயத்தைச் சொன்னதும் மறுமுனை சிரித்தது.

"பரீட்சை எண்டா டீச்சர் தராசைத் தூக்காம விடமாட்டாங்க சேர். அதான் பொடியன்களுக்கு மறுப்பு எழுதிக் குடுத்தன். டீச்சருக்குத் தொண்டையில ஒப்பரேஷன் எண்டு கேள்விப்பட்டன். நான் கோல் எடுத்தா பேசமாட்டாங்க. அதான் பஸ் ஸ்டாண்டில அந்தப் புள்ளைக்கிட்ட குரல் எப்படி எண்டு கேட்டன். ஏன் சேர், டீச்சருக்கு ஏதும் சுகமில்லையா?"

"ஒண்டுமில்ல. சுகமா இருக்காங்க" என்று பாயிஸ் வைத்தார்.

வேறு பள்ளிக்குப் பயிற்றுநராகப் போனான் என்பதற்காக அவன் அழைப்புகளை நாலு வருடம் எடுக்காதவர் ஜஹானா. மஸீனா சந்தேக நபர்களின் பட்டியலைக் கிழித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு அந்தப் புள்ளயைப் போய்ப் பாருங்க" என்றார் மெதுவாக. "நானும் வரட்டா?"

"வேணாம் ராத்தா."

மறுநாள் புசல்லாவை பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. ஜஹானா நின்றே போனார். தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் சிந்துஜாவின் தாய் ராக்கம்மா, மகள் பசாரில் துணிக்கடையில் இருப்பதாகச் சொன்னார். உள்ளே வரும்படி சொல்லவில்லை.

கடையில் சிந்துஜா துவாய்களை மடித்துக்கொண்டிருந்தாள். ஜஹானா எல்லாவற்றையும் சொன்னார். பதிவு, பதினொரு விநாடி, அஷ்பாக். வரிசையாகச் சொல்ல முடிந்தது.

"சுகம் விசாரிச்சாருன்னு நானும் அன்னைக்கு இதையேதானே டீச்சர் சொன்னேன்."

"சொன்னாய்."

"அப்ப ஏன் நம்பல?"

ஜஹானா அடுக்கில் சரிந்திருந்த துவாய் ஒன்றை நேராக்கினார்.

"நான் அணிக்கு முன்னால மன்னிப்புக் கேட்கிறன். திங்கட்கிழமை வா மகள்."

"அவங்க மூணு பேரும் என்னையப் பாத்துக்கிட்டே இருந்தாங்க டீச்சர். ஒருத்தரும் வாயத் தொறக்கல. அவங்ககூட இனி எப்புடிப் பேசுறது?" அவள் ஒரு துவாயை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். "அம்மாகிட்ட நீங்களே சொல்லிட்டுப் போங்க. நான் சொன்னத அம்மாவும் முழுசா நம்பல. டீச்சர் பொய் சொல்லுவாங்களான்னு கேட்டாங்க."

வாசலில் ஒரு பெண் குழந்தையோடு வந்து நின்றாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க டீச்சர்" என்றாள் சிந்துஜா. "கடைக்கு ஆள் வருது."