பெரிய வாசலைச் சுற்றிப் போனவர்

யூனிஸ் டாலிவர் கையுறையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"வீட்டை வித்த பணத்தை, செத்துப்போன என் வீட்டுக்காரர் ஏமஸ் பேர்ல இந்தப் பல்கலைக்கழகத்துக்கு நிலைநிதியா வைக்கலாம்னு இருந்தேன். முதலைத் தொடாம, வட்டியில பிள்ளைங்க படிக்கட்டும்னு. இப்ப வேண்டாம்னு தோணுது."

எதிரே இருந்த லோர்னா ஹாஸ்கெல் முன்பு காவல்துறையில் துப்பறிந்தவர். இப்போது நன்கொடை அலுவலகத்தில் விசாரணையெல்லாம் அவர் பொறுப்பு. அவர் வாய் திறக்கும் முன், அங்கே உதவியாளராக இருக்கும் மாணவி டெஸ் மூச்சிரைக்க நுழைந்தாள். காலணி முழுக்கச் சேறும் பனியும்.

"பெரிய வாசல் எதிர்லயே இருக்கு. ஊரைச் சுத்திட்டு வர்றியே?" என்றார் லோர்னா.

"மே மாசம்தானே எனக்குப் பட்டம்!" என்றாள் டெஸ்.

லோர்னா யூனிஸ் பக்கம் திரும்பினார். "உங்க மனசை மாத்தினது யாரு?"

"கிளைட் பேக்ஸ்டர். இங்கே படிச்சப்போ ஏமஸோட விடுதி அறையில இருந்தவராம். தன்னோட அப்பா செத்ததும் ஏமஸ் மூணாம் வருஷத்தோட நின்னுட்டார்னுதான் எனக்குத் தெரியும். ஆனா பல்கலைக்கழகத்துக்காரங்கதான் விரட்டினாங்க, கடைசி வரைக்கும் இந்த இடத்தை வெறுத்தான்கிறார் கிளைட். பணத்தைத் தன்னோட அறக்கட்டளைக்குக் கேக்கறார்."

"நம்பிட்டீங்களா?"

"பழைய மாணவர் சந்திப்புக்கு வர்றப்பல்லாம் பெரிய வாசலைக் கண்டா என் கையை இழுத்துக்கிட்டுச் சுத்திப் போவார். ஏன்னு கேட்டா முகத்தைத் திருப்பிக்குவார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் அவர் மனசு எனக்குத் தெரியலையே!"

"இதை கிளைட் கிட்ட சொன்னீங்களா?"

"துக்கம் கேக்க வந்தப்போ சொன்னேன்."

யூனிஸைக் காரில் அழைத்து வந்து வெளியே காத்திருந்த பேக்ஸ்டரை லோர்னா உள்ளே கூப்பிட்டார்.

"அந்தக் காலத்துல காலைச் சாப்பாடு எங்கே?"

"எதிர்த் தெருவுல பான்கேக் கடை," என்று சிரித்தார் பேக்ஸ்டர். "நானும் ஏமஸும் தினமும் பெரிய வாசல் வழியா ஓடுவோம். விரட்டினப்புறம்தான் அதுல கால் வைக்க மாட்டேன்னுட்டான்."

"தினமுமா?" டெஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ போவியா டெஸ்?"

"ஐயோ! பட்டம் வாங்கறதுக்கு முன்னாடி அதைத் தாண்டினா படிப்பு முடியாதாம். பசியில உயிர் போனாலும் சுத்தித்தான் போவோம்."

"சின்னப் பசங்க பைத்தியக்காரத்தனம்! நாங்க அதையெல்லாம் மதிக்கல," என்றார் பேக்ஸ்டர்.

"ஏமஸ் தலை நரைச்சப்புறமும் மதிச்சிருக்கார்," என்றார் லோர்னா அமைதியாக. "அவர் இருபது வயசுல தினமும் அதைத் தாண்டினாரா? நீங்க இங்கே படிச்சவரே இல்ல, மிஸ்டர் பேக்ஸ்டர். துக்க வீட்டுல காதுல விழுந்ததை வச்சுக் கதை கட்டியிருக்கீங்க."

பேக்ஸ்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார். கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியேறினார்.

"வெறுத்தவர் ஏன் ஒவ்வொரு சந்திப்புக்கும் வரணும் யூனிஸ்? என்னைக்காவது திரும்பி வந்து முடிச்சிடணும்னு நினைச்சவர்தான் அந்த வாசலைத் தாண்டாம இருப்பார். அதைச் சொல்லிக்க வெக்கம், அவ்வளவுதான்."

யூனிஸ் கையுறையைக் கழற்றினார். "நிலைநிதியை, பாதியில நிக்க வேண்டி வர்ற பிள்ளைங்களுக்குன்னு எழுதுங்க."

யூனிஸ் கிளம்பும்போது டெஸ் குடை விரித்தாள். "உங்களுக்கென்ன, நேராவே போகலாம்."

"வேண்டாம் கண்ணு. ஏமஸ் பேர்ல ஒரு பிள்ளை முடிக்கட்டும். அதோட சேர்ந்து தாண்டறேன்."

இருவரும் சேற்றில் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.