படிக்கட்டில் கூடிய கூட்டம்

பட்டாணியின் உண்மையான பெயர் பள்ளிப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. எங்கே விட்டாலும் உருண்டு ஓடிவிடுகிறாள் என்று மாமா வைத்த பெயர்தான் ஊரெல்லாம் நிலைத்தது.

மாமா, அம்மாவின் தம்பி. இருவருக்கும் ஒரே சலவைக்கடையில் வேலை. அங்கே பெரிய இயந்திரங்களைத் திறந்தால் வெள்ளை ஆவி கூரைவரை எழும்பும். அதற்குள்ளிருந்து மாமா, தோளில் போர்வைகளோடு, மேகத்தில் நடப்பவர்போல வருவார்.

மூன்று மாதங்களுக்கு முன் மாமா இறந்துபோனார்.

அம்மா அவளிடம் எதையும் மறைக்கவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, "மாமாவுக்கு மனசுல ஒரு நோய் இருந்துச்சும்மா. அந்த வேதனைல தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டாரு" என்று சொன்னாள்.

அதற்குப் பிறகு அம்மா மாமாவைப் பற்றிப் பேசவே இல்லை. சில நேரம் குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பட்டாணிதான் போய்க் குழாயை மூடுவாள்.

பட்டாணியின் நெஞ்சிலும் ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. கடைசி நாள் மாலை மாமா அவள் அறைக்கு வந்து, "ஒரு கதை சொல்லட்டுமா?" என்று கேட்டார். "போங்க மாமா, படம் வரையறேன்" என்றாள் அவள். மாமா சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

கேட்டிருந்தால்?

இந்தக் கேள்வி அவளோடு பள்ளிக்கு வந்தது. குளிக்கும்போது வந்தது. கனவில்கூட வந்து ஓரமாக உட்கார்ந்துகொண்டது.

ஒருநாள், சலவைக்கடைக்கு வழக்கமாக வரும் நர்ஸ் அம்மா ஒரு சீட்டை நீட்டினார். "சனிக்கிழமை நாலு மணிக்கு நூலகத்து மாடில கொஞ்சப் பேர் கூடுவோம். எல்லாருமே இந்த மாதிரி ஒருத்தரை இழந்தவங்கதான். பொண்ணையும் கூட்டிட்டு வாங்க."

முதல் சனிக்கிழமை மாடிப்படியைப் பார்த்ததும் அம்மா நின்றுவிட்டாள். "அடுப்பை அணைச்சேனான்னு தெரியலையே!" வீட்டுக்கு ஓடினார்கள். அணைத்துத்தான் இருந்தது.

அடுத்த வாரம் தலைவலி.

மூன்றாவது வாரம் அம்மா படிக்கட்டுக்குக் கீழே நின்று கைப்பையில் எதையோ தேடினாள். தேட ஒன்றுமே இல்லை என்று பட்டாணிக்குத் தெரியும்.

"அம்மா, மாடிக்குப் போக வேணாம்."

"நிஜமாவா?"

"ஆமா. மூணாவது படில உட்காருவோம். பிடிக்கலன்னா எந்திரிச்சுப் போயிடலாம். மூணு படி இறங்க எவ்வளவு நேரமாகும்?"

அம்மா யோசித்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

சன்னல் வழியே சாய்ந்து விழுந்த வெயிலில் தூசு மெல்ல மெல்ல மிதந்தது. மேலேயிருந்து பேச்சுச் சத்தம், தண்ணீருக்கு அடியில் யாரோ பேசுவதுபோல, வார்த்தை புரியாமல் இறங்கி வந்தது. ஆனால் அதில் ஒரு சிரிப்பும் இருந்தது. அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு படி?" என்றாள் பட்டாணி.

"ம்."

அப்புறம் இன்னும் இரண்டு. ஏழாவது படியில் அவர்கள் இருந்தபோது ஒரு தபால்காரர் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"எப்பவும் நான்தான் லேட்டு! நீங்க உள்ள போகலையா?"

"அம்மாவுக்கு இன்னைக்கு ஏழு படிதான்" என்றாள் பட்டாணி.

"ஏழே பெருசு! நான் மொதல்ல சைக்கிள் நிறுத்துற இடத்தைத் தாண்டவே ஒரு மாசம் ஆச்சு." அவர் எட்டாவது படியில் உட்கார்ந்துகொண்டார். "என் தம்பி போய் ரெண்டு வருஷம் ஆகுது. அன்னைக்கு மத்தியானம் போன் பண்ணினான். கடிதங்களைத் தெருவாரியாப் பிரிச்சுட்டு இருந்தேன். எடுக்கல."

பட்டாணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்க எடுக்காததாலயா அவர் போயிட்டாரு?"

"ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன். அவனுக்கு இருந்தது பெரிய நோய்மா. ஒரு போனால அது வரல. ஆனா இதை நானே எனக்குச் சொன்னப்போ நம்பல. மேல இருக்கறவங்க திரும்பத் திரும்பச் சொன்னாங்க. மெதுவாத்தான் நம்பினேன்."

பட்டாணியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. "மாமா கதை சொல்றேன்னு வந்தாரு. நான் போங்கன்னு சொல்லிட்டேன்."

அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "இதையா இத்தனை நாள் வச்சுக்கிட்டு இருந்தே? உன்னால இல்லடா கண்ணு. துளிகூட உன்னால இல்ல." பிறகு சொன்னாள்: "அன்னைக்குக் காலைல அவன் முடியலன்னு படுத்திருந்தான். சோம்பேறின்னு திட்டிட்டுப் போனேன் நான்."

"உன்னாலயும் இல்லம்மா" என்றாள் பட்டாணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

மேலே கதவு திறந்தது. நர்ஸ் அம்மா எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் இறங்கி வந்து பத்தாவது படியில் உட்கார்ந்தார். அவர் பின்னால் ஒரு தையற்காரர் வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு கல்லூரி அக்கா. படிக்கட்டே நிரம்பிவிட்டது.

புத்தகக் கட்டோடு வந்த நூலகர், "படில உட்காரக் கூடா..." என்று ஆரம்பித்தார். எல்லார் முகங்களையும் பார்த்தார். மீதியை விழுங்கிவிட்டு, கொக்குபோலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடுவில் ஏறிப்போனார். கல்லூரி அக்கா களுக்கென்று சிரித்தாள். அழுதுகொண்டிருந்த அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்க தம்பியைப் பத்திச் சொல்லுங்களேன்" என்றார் நர்ஸ் அம்மா. "போனதை இல்ல. இருந்ததை."

அம்மா சொல்லத் தொடங்கினாள். முதலில் ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. பிறகு நிற்கவே இல்லை. கூட்டம் முடிந்து தெருவில் நடக்கும்போதும் சொல்லிக்கொண்டே வந்தாள். மாமா எட்டு வயதில் பூனைக்குச் சட்டை தைத்துப் போட்டது, பூனை அதோடு வகுப்பறைக்குள் நுழைந்தது, பயந்துபோன வாத்தியார் நாற்காலி மேல் ஏறி நின்றது.

"அப்புறம்?" என்றாள் பட்டாணி.

"அப்புறம் என்ன, பூனையைப் பிடிக்க..."

பேச்சுச் சுவாரசியத்தில் இருவரும் தங்கள் வீட்டைத் தாண்டி நாலு வீடு போயிருந்தார்கள்.