கடைசி விலை

மாலை நாலு மணிக்கு, ஜன்னல் வெயில் விசைப்பலகையின் மேல் சோம்பிக் கிடந்தபோது, கணினித் திரையின் பட்டியலில் ஒரு பொதி கூடுதலாக இருந்தது. மதியம் பார்த்தபோது இல்லை.

மூச்சுக் கருவிகளை இயக்கும் லினக்ஸ் கெர்னல் என்ற அடிப்படை மென்பொருளைப் பொதியாகக் கட்டி அனுப்புவது அவர் வேலை. ரியல் டைம் கெர்னல். சொன்ன கணத்தில் சொன்னதைச் செய்யும், சாக்குப்போக்கு சொல்லாது. பொதி வெளியேற இரண்டு பேரின் முத்திரை வேண்டும்: அவருடையது, மச்சினனுடையது. ஆளுக்கொரு சாவி, நகத்தளவு. கணினியில் செருகினால் பச்சை விளக்கு மினுக்கும். விரலால் தொட்டால் விளக்கு நிலைத்து எரியும், முத்திரை விழும்.

எத்தனை மைக்ரோவினாடி தாமதம் பொறுக்கலாம் என்று இருவரும் பொதிக்குப் பொதி மல்லுக்கட்டுவார்கள். “கடைசி விலை, மாமா” என்று அவன் சொல்லிவிட்டால் பேரம் முடிந்தது. இவர் விரல் தானாகச் சாவிக்குப் போகும். பதினோரு வருடப் பழக்கம்.

மச்சினன் செத்து இருபது நாள். அன்றே அவன் சாவியை ரத்து செய்திருக்க வேண்டும். செய்தால் அவன் முத்திரையிட்ட எதையும் கருவிகள் ஏற்காது. அடுத்த அறையில் மனைவிக்கு மூச்சு ஊதும் கருவி உட்பட. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சாவியை ஓர் உறையில் போட்டு இழுப்பறைக்குள் தள்ளியிருந்தார்.

புதிய பொதியில் அவன் முத்திரை இருந்தது. கீழே குறிப்பு: “நிமிஷத்துக்குப் பன்னிரண்டு மூச்சு. அக்காவுக்கு அது போதும், மாமா.”

பயப்பட வேண்டும் என்று தோன்றியது. பயம் வரவில்லை. அடுத்த அறையில் துருத்தி ஏறி இறங்கிற்று; ரப்பர் வாசனை, மருந்து வாசனை, நிமிஷத்துக்குப் பதினாறு. கை அதுபாட்டுக்குத் தட்டியது: “பதினாறு. ஒண்ணு குறையாது.”

இன்னொரு பொதி வந்தது. “எட்டு.”

இணையக் கம்பியைப் பிடுங்கித் தரையில் போட்டார். கருவிக்குத் தகவல் போகும் கம்பியையும்.

“நாலு.”

“பதினாலு,” என்று தட்டினார். தட்டிய பிறகுதான் உறைத்தது, இறங்கி வந்துவிட்டோம் என்று. பேசவே கூடாதவனோடு பேரம் பேசியாயிற்று.

“என்னங்க,” மனைவியின் குரல், முகமூடிக்குள்ளிருந்து, ஊதலுக்கு ஊதல் நடுவே. “தம்பி வந்திருக்கானா?”

“இல்லம்மா. தூங்கு.”

“கருவிக்குள்ள... பேசுறான். நீங்க எப்பவும்... ஏமாந்துதான் போவீங்களாம்.” சிரித்தாள் போல.

கணினியில் செருகியிருந்த தன் சாவியை உருவ வேண்டும். அவ்வளவுதான். கை நீண்டது.

திரையில் புது வரி.

“பூஜ்யம். கடைசி விலை, மாமா.”

கை நின்றது. விரல் மட்டும் போனது.

பச்சை விளக்கு மினுக்குவதை நிறுத்தி, நிலையாக எரிந்தது.

அடுத்த அறையில் துருத்தி ஏறியது.

இறங்கவில்லை.

“என்னங்க” இல்லை. எதுவும் இல்லை. வெயில் மட்டும் அப்படியே கிடந்தது.

இழுப்பறை இடுக்கில் பச்சை வெளிச்சம். திறந்தார். உறைக்குள், எதிலும் செருகாத மச்சினன் சாவி எரிந்துகொண்டிருந்தது. தாளின் உட்புறம், அந்த வெளிச்சத்தின் மேல், அழுத்தியபடி, ஒரு கட்டைவிரல் நிழல்.